எல்லாரும் ஏறியாச்சு, சார்

இந்தப் பள்ளியிலேயே முதுகு வலிக்காமல் உட்காரக்கூடிய ஒரே நாற்காலி உங்கள் அறையில்தான் இருக்கிறது, மேடம். துணை முதல்வர் அறை என்றாலே பிள்ளைகள் நடுங்குவார்கள். யாரும் இந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னதில்லை. தாளும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாக எழுது என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறீர்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். உங்களுக்குப் படிக்கச் சிரமம் இருக்காது.

தீவிலிருந்து திரும்பும்போது ஆள் எண்ணியதில் எங்கே தவறு நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான்கு வரி போதும். ஆனால் நான்கு வரியில் எழுதினால் நான் ஏதோ கெட்ட பெண் மாதிரித் தெரியும். ஆகவே முதலிலிருந்து வருகிறேன்.

என் அம்மா செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே அம்மாவுக்கு அளவு தெரிந்துவிடும். "எனக்கு ஏழு" என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம், "உங்களுக்கு எட்டுங்க, ஏழுல நீங்க பல்லைக் கடிச்சுட்டுத்தான் நடக்கணும்" என்பார். அப்பா அதைக் கேட்டுக் கிண்டல் செய்வார். அவர் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். "உங்கம்மா காலைப் பாத்து ஆளை எடை போடுவா, நான் பீரோவைப் பாத்து எடை போடுவேன்" என்பார். அம்மாவின் கண்தான் எனக்கு. புதிதாக ஒருவர் வகுப்புக்குள் வந்தால், அவர் பையை மாட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தே எந்த மேஜை என்று சொல்லிவிடுவேன்.

மேஜை என்று நான் சொல்வது சாப்பாட்டுக் கூடத்தில். நீங்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், ஐந்து மேஜைகள். ஜன்னல் பக்கம் மூளை மேஜை, அவர்கள் சாப்பிடும்போதும் ஒரு கை புத்தகத்தில் இருக்கும். வாசல் பக்கம் பந்து மேஜை, மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓட வசதி. மேடை மேஜையில் நாடகக்காரர்கள், தண்ணீர் கேட்பதைக்கூட வசனமாகக் கேட்பார்கள். கடைசியில் சுவர் மேஜை. அங்கே இருப்பவர்கள் பேசமாட்டார்கள், பேசினாலும் யாருக்கும் கேட்காது. நடுவில் எங்கள் மேஜை. எங்களுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதை நாங்கள்தான் முடிவு செய்தோம். அதுவும் ஒரு வேலைதானே.

வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் புதியவர்களை மேஜையில் சேர்ப்பது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்தான். மூளை மேஜையில் உட்காரவைத்தேன். அவனுக்குக் கணக்கு சுத்தமாக வராது என்று பிறகுதான் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் சந்தேகம் கேட்கக் கேட்க, மானம் போகக்கூடாதே என்று ராப்பகலாகப் படித்து இப்போது எண்பது வாங்குகிறான். ஆறடி உயரத்தில் ஒரு பெண் வந்தாள். பந்து மேஜை. "எனக்கு ஓடவே பிடிக்காது" என்றாள். "இவ்ளோ உயரமா இருந்துட்டு ஓடமாட்டேன்னா எப்படி?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டு வருடமாகப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய் வருகிறாள். ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான், பருவத்தின் நடுவில், சர்க்கஸ் வந்தாள். பெயர் எங்கள் மேஜை வைத்தது. அவளுடைய அம்மா பாலம் கட்டும் பொறியாளர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். இது அவளுக்கு ஒன்பதாவது பள்ளி.

வாசலில் அவளைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கால்பந்துக் காலணி போட்டிருந்தாள். கையில் கணிதப் புத்தகம். வாயில் ஏதோ பாட்டு, அதுவும் சுருதியே சேராமல். முதல் நாள் சுவர் மேஜையில் போய் உட்கார்ந்தாள். சரி, கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். மறுநாள் பந்து மேஜை. அதற்கு அடுத்த நாள் மேடை மேஜையில் உட்கார்ந்து ராஜா வேடத்துக்கு மீசை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் எங்களிடம் வந்து, வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துவிட்டு, ஐந்தாம் நாள் எங்களையும் விட்டு மூளை மேஜைக்குப் போய்விட்டாள். நடு மேஜைக்கு வந்தவர்கள் யாரும் அதுவரை தாங்களாக எழுந்து போனதில்லை.

அவள் மட்டும் சுற்றியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பழக்கம் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பந்து மேஜைக் கோல்கீப்பர் நாடக ஒத்திகைக்குப் போனான். அழச் சொன்னார்களாம், அழுதானாம். நிறுத்தவே முடியவில்லை, ஆனால் பிரமாதமாக இருந்ததாம். மூளை மேஜையில் இருவர் மைதானத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து, ஏதோ பதக்கம் வாங்கியது போல எல்லாருக்கும் காட்டினார்கள். பிறகு நிழல். அவள் என் தோழி, இரண்டு வருடமாக என் இடது பக்கத்தில் உட்கார்ந்தவள், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு நாள் தன் டிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் மேஜைக்குப் போனாள். திரும்பி வந்து, "அங்க பூச்சின்னு ஒருத்தன் இருக்கான்டி. விட்டில் ஏன் விளக்கைச் சுத்துதுன்னு சொன்னான். நேரம் போனதே தெரியல" என்றாள்.

"அவன் பேசுவானா?" என்றேன்.

"நம்மதான் கேட்டதே இல்லயே."

அன்று என் இடது பக்கம் காலியாக இருந்த நேரம் பதினெட்டு நிமிடம்.

நான் கோபக்காரி இல்லை, மேடம். யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஐந்து மேஜைக்கும் ஒவ்வொரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். மூளை மேஜையில், "உங்களை மனப்பாட மிஷின்னு சொல்றா" என்றேன். பந்து மேஜையில், "உங்களுக்கு மூளை முழங்காலுக்குக் கீழேயாம்" என்றேன். மேடை மேஜையில், "நீங்க கண்ணாடி இல்லாம அழக்கூட மாட்டீங்களாம்" என்றேன். சுவர் மேஜைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உங்களைப் பாத்தா பாவமா இருக்காம், அதனாலதான் வந்து உட்கார்றாளாம்." எங்கள் மேஜையில் நிழலிடம் மட்டும், "உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நீ இருக்கறதையே அவ கவனிக்கலையாம்" என்றேன்.

எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. நிழலிடம் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் எங்கள் மேஜையில் நாங்களே இரண்டு வருடமாகச் சொல்லிச் சிரித்தவை. பேசியவரை மட்டும்தான் மாற்றினேன். ஒருவர்கூட அவளிடம் போய், அப்படிச் சொன்னாயா என்று கேட்கவில்லை. எல்லாரும் உடனே நம்பினார்கள். தங்களைப் பற்றி மற்றவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று அவர்களுக்கே உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் வகுப்பு பழையபடி ஆகிவிட்டது. சர்க்கஸ் வந்தால் காலி நாற்காலியில் யாராவது பையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அங்கேயும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க உட்கார்றதுன்னு ஒரு முடிவுக்கு வா. எல்லாம் சரியாயிடும்" என்றேன். உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன்.

"அது எனக்கு வரல. எந்த ஊர்லயும் ரெண்டு வருஷம்கூட இருக்க மாட்டோம். இருக்கற வரைக்கும் எல்லார்கூடவும் இருந்துட்டுப் போலாம்னு பாக்கறேன்." பிறகு டிபன் பெட்டியை மூடிக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டாள். "நீ தினமும் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே ஓடிவந்து உட்கார்றியே. உன் இடம் போயிடும்னு பயமா?"

ஏழாம் வகுப்பில், வேறு பள்ளியில், ஒரு வருடம் முழுக்க நான் மதியச் சாப்பாட்டைக் கழிப்பறையில் சாப்பிட்டேன். கடைசிக் கதவு. தாழ்ப்பாள் சரியாக விழாது, காலால் கதவை அழுத்திக்கொண்டே சாப்பிட வேண்டும். வீட்டுக்கு டிபன் பெட்டி காலியாக வந்ததால் அம்மாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. இவளுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கலங்கரை விளக்கத் தீவுக்குப் போனோம்.

இரண்டு படகுகள். விளையாட்டு சார் எல்லாருடைய கைபேசிகளையும் ஒரு துணிப்பையில் வாங்கி என்னிடம் கொடுத்திருந்தார். கடலைப் பாருங்கடா, திரையைப் பார்க்காதீங்க என்றார். நல்ல நாள் அது. வெயில் இதமாக இருந்தது. பந்து மேஜைக்காரர்கள் அலையோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். படகுக்காரர் எங்களைக் கோபுரத்துக்குள் கூட்டிப்போய் நூற்றுப் பன்னிரண்டு படிகளும் ஏற்றி, உச்சியில் விளக்கைக் காட்டினார். இப்போது அங்கே ஆள் கிடையாது. பொழுது சாய்ந்தால் விளக்கு தானே எரியும், பத்து நொடிக்கு ஒரு முறை வெளிச்சம் சுற்றி வரும். சர்க்கஸ் அவரைக் கேள்வியால் துளைத்துவிட்டாள். அவரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார். சாப்பிட்ட பிறகு அவள் மட்டும் இன்னொரு முறை மேலே போனாள். அதை நான் பார்த்தேன்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. படகுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "கிளம்பலாம் சார், இன்னும் அரை மணி விட்டா என்னால ஆகாது" என்றார். ஒரே தள்ளுமுள்ளு. சார் என்னிடம், "கோபுரத்துல யாராவது இருக்காங்களான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாம்மா" என்றார். போனேன். வந்தேன். "எல்லாரும் ஏறியாச்சு, சார்" என்றேன்.

முதல் படகில் இருந்தவர்கள் அவள் இரண்டாவதில் இருப்பதாக நினைத்தார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் முதலாவதில் என்று நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. அவளைத் தேடுகிற பழக்கம் எல்லாருக்கும் விட்டுப்போயிருந்தது. கரையில் இறங்கியதும் கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தேன். பையில் ஒன்று மிச்சம். தொலைந்துவிடக் கூடாதே என்று என் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஏழு மணி வாக்கில் அது அடித்தது. அவளுடைய அம்மா. எடுத்தேன். "ஃபோனை என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டா ஆன்ட்டி. யாரோ ஃப்ரெண்டு வீட்டுக்குத்தான். எல்லார் வீட்டுக்கும் போறவதானே" என்றேன்.

"ஆமாமா, இவளுக்கு எல்லாரும் ஃப்ரெண்டுதான்" என்று சிரித்தார். "நீ நல்ல பொண்ணும்மா. காலைல வாங்கிக்கறேன்." இதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் என்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். அவளுடைய அம்மா ஒவ்வொரு வீடாகக் கேட்டிருக்கிறார். மூளை மேஜை பந்து மேஜைக்குப் பேசியது, பந்து மேஜை மேடைக்குப் பேசியது. ஒருவர் எண் இன்னொருவரிடம் இல்லை. நிழல்தான் எல்லாருக்கும் தேடிக் கொடுத்திருக்கிறாள். எங்களோடு இல்லை, எங்களோடு இல்லை என்று சுற்றி வந்து, கடைசியில் யாரோ சுவர் மேஜைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். பூச்சிதான் எடுத்தான். முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டு மாடியில் விட்டில் பிடித்துக்கொண்டிருந்தானாம். கலங்கரை விளக்கின் வெளிச்சம் பத்து நொடிக்கு வரவில்லையாம். சில சமயம் வந்ததாம், சில சமயம் வெகுநேரம் இருட்டாக இருந்ததாம். "யாரோ வேணும்னே மறைக்கற மாதிரி இருந்துச்சு" என்றானாம். துறைமுக அலுவலகத்தில் அதை விளக்குக் கோளாறு என்று குறித்துவைத்து, காற்று அடங்கியதும் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். கோல்கீப்பர் சைக்கிளில் போய் அவர்கள் மேஜையைத் தட்டி அழுதிருக்கிறான். அவனுக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. அந்தப் படகுக்காரரே, காற்று இன்னும் அடங்காத கடலில் படகை இறக்கியிருக்கிறார்.

இருபத்திரண்டு மணி நேரம். கதவு திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் மறுபடி மேலே ஏறியிருக்கிறாள். இருட்டில் இரும்புப் படியில் சறுக்கி விழுந்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. விழுந்த இடத்திலிருந்து விளக்கு அறைக்கு இன்னும் முப்பத்தாறு படிகள். அவற்றை உட்கார்ந்தபடியே, ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்து ஏறியிருக்கிறாள். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்துப் பிடித்து எடுத்திருக்கிறாள். விடியும்வரை. கையும் கொப்பளித்துவிட்டது. இன்னும் இரண்டு அறுவைச் சிகிச்சை இருக்கிறது, நடப்பாள், பந்தாடுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கால்பந்தா கணிதமா என்று இனி அவள் குழம்ப வேண்டியதில்லை.

காற்றில் கதவு அடித்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாள் தானே விழுந்திருக்கும் என்று விசாரணையில் எழுதியிருக்கிறார்கள். கதவைச் சரிபார்க்காத குற்றத்துக்காகப் படகுக்காரரின் உரிமத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே நின்றுவிட்டுப் போனார். நல்ல மனிதர். வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லை, மேடம். பதினாறாம் எண் அறைக்குள் முப்பது பேர். மூளையும் பந்தும் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்கள். பூச்சி ஏதோ சொல்ல, எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கால் கட்டு மேல் ஒரு வெள்ளை இடம் பாக்கி இல்லாமல் எழுதியிருந்தார்கள். யார் சொன்னதாக யார் சொன்னது என்பதையும் அவர்கள் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டார்கள் போல. நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை.

அவள்தான் இரண்டு கையாலும் கட்டுப் போட்ட காலைத் தூக்கி, முகம் சுளித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளி வைத்தாள். "இங்க வா. இடம் இருக்கு" என்றாள்.

உட்கார்ந்தேன். மற்றவர்கள் மறுபடி பேச ஆரம்பித்ததும் என் காதருகே வந்து, "மேல கண்ணாடி வழியா பாத்தேன். கதவுகிட்டேருந்து நீ போறப்போ ஒரு தடவை நிமிர்ந்து பாத்தே" என்றாள். "அம்மாகிட்ட காத்துன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா அந்தப் படகு அண்ணன் பாவம். நீயாப் போய் சொல்லிடு."

நேற்று அது. இன்று காலை உங்கள் கதவைத் தட்டினேன். ஆள் எண்ணியதைப் பற்றிச் சொல்ல வந்திருப்பதாக நினைத்து உட்காரச் சொன்னீர்கள்.

சார் அனுப்பியபோது கோபுரத்தின் அடியில் நின்றேன். உள்ளே, வெகு மேலே, பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதியே சேரவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்திருப்பாள். கதவு திறந்துதான் இருந்தது, காற்று அதை அசைக்கக்கூட இல்லை. கனமான கதவு, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. தாழ்ப்பாளில் துரு இருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. அலமாரியில் பொருளை அதனதன் இடத்தில் வைத்து மூடும்போது வருமே, அந்த நிம்மதிதான் வந்தது. படகுக்காரருக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுவிட்டார்கள். நடு மேஜையை மட்டும் யாரும் இழுக்கவில்லை. இந்த வாரம் அதில் நான் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். விசாலமாக இருக்கிறது.

பக்கத்து அறைக்குப் போகும் முன் கதவில் கை வைத்தபடி ஒரு கேள்வி கேட்டீர்கள். "எல்லாருமாச் சேந்து ஒரு பொண்ணை இப்படி வெளிய நிறுத்திட்டீங்களே, எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று. மற்றவர்கள் சார்பாக என்னால் பதில் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் நான். யாரையும் நான் வெளியே நிறுத்தியதில்லை, மேடம். அவளை உள்ளே வைத்துத்தான் தாழிட்டேன்.